பழைய லினக்ஸில் புதிய அண்ட்ராய்ட் கருவிகள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் ஆப் எழுதப் பழகும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது பாவித்த மேசைக்கணினி. உபுண்டு 14.04, 16.04, 18.04 என்று ஏதாவது ஒன்று அதில் ஏற்கெனவே போட்டிருக்கும். அதை அழித்துப் புதிய பதிப்பைப் போட முடியுமென்றால் உடனே போட்டுவிடுங்கள், இந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை. ஆனால் முடியாத இடங்கள் நிறைய. கடையின் கணக்கு மென்பொருள் அந்த உபுண்டுவில் மட்டும் ஓடும். பழைய பிரிண்டரின் டிரைவர் அதில்தான் வேலை செய்யும். சில வேளை கணினி டியூஷன் வகுப்புக்குச் சொந்தம், அடியோடு மாற்ற அனுமதி கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கருவிகளோடேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். பழகுவதற்கு அது போதும், பிளே ஸ்டோரில் போடுவதற்குப் போதாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் அண்ட்ராய்ட் 15ஐ, அதாவது ஏபிஐ 35ஐ, இலக்காக வைக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆப்பைக் கட்டும் கருவியின் பெயர் கிரேடில். ஏபிஐ 35க்கு அதோடு சேரும் அண்ட்ராய்ட் கிரேடில் பிளகின் 8.6 வேண்டும். அந்தப் பிளகினுக்குக் கிரேடில் 8.7உம் ஜாவா 17உம் வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து வரும்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே புதிய இயங்குதளத்தைக் கேட்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. சில கருவிகள் உண்மையாகவே புதிய அடித்தளம் கேட்கும், சில கேட்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிழைச் செய்தியின் வார்த்தைகளை வைத்தே அப்படிப் பிரிக்கலாம்.

முதலில் நான்கு விடயம் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து எல்டிடி கட்டளையை வெர்ஷன் தெரிவோடு கொடுங்கள். முதல் வரியின் கடைசியில் வரும் எண்தான் உங்கள் ஜிலிப்சியின் பதிப்பு. லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சாய்ந்திருக்கும் சி நூலகம் அது. உபுண்டு 14.04இல் 2.19, 16.04இல் 2.23, 18.04இல் 2.27, 20.04இல் 2.31, 22.04இல் 2.35. டெபியன் 10இல் 2.28, 11இல் 2.31, 12இல் 2.36.

அடுத்தது எல்எஸ்சிபியு. அதில் சிபியு எந்தெந்த முறையில் ஓடும் என்ற வரியில் 64 பிட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு யூநேம் கட்டளையால் இயங்குதளம் எத்தனை பிட் என்று பாருங்கள். கோர் 2 டுவோ கணினிகளில் சிபியு 64 பிட்டாக இருக்க, யாரோ 32 பிட் உபுண்டுவைப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படியென்றால் எவ்வளவு முயன்றாலும் இன்றைய அண்ட்ராய்ட் கருவிகள் ஓடாது. 64 பிட் பதிப்பைப் போட்டே ஆக வேண்டும். சிபியுவே 32 பிட் என்றால் அந்தக் கணினியில் கோடு எழுதலாம், பில்ட், அதாவது ஆப்பைக் கட்டுவது, வேறு கணினியில்தான்.

மூன்றாவது ஜாவாவின் பதிப்பு. நான்காவது கணினியின் திகதி. திகதியை ஏன் பார்க்க வேண்டும் என்பது கீழே வரும்.

அறிகுறி: "வெர்ஷன் ஜிலிப்சி_2.28 நாட் ஃபவுண்ட்"

எண் 2.28 ஆகவோ 2.29, 2.34 ஆகவோ இருக்கலாம். இந்த நிரலைக் கட்டியவர்கள் உங்களுடையதைவிடப் புதிய ஜிலிப்சியை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். ரியாக்ட் நேட்டிவ் பழகுபவர்கள் இதை நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) 18இல் சந்திப்பார்கள். நோட் 18இன் அதிகாரபூர்வப் பதிப்புக்கு ஜிலிப்சி 2.28 வேண்டும், உபுண்டு 18.04இல் இருப்பது 2.27. ஒரே ஒரு படி குறைவு, ஆனாலும் ஓடாது. விஎஸ் கோட் எடிட்டர் 1.86 பதிப்பிலிருந்து அதே 2.28ஐக் கேட்கிறது. அண்ட்ராய்ட் ஸ்டூடியோவின் இன்றைய தேவைப் பட்டியலில் 2.31 என்று எழுதியிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். புதிய உபுண்டுவிலிருந்து லிப்சி.எஸ்ஓ.6 கோப்பைக் கொப்பி பண்ணிப் பழையதன் மேல் போடச் சொல்லி யார் சொன்னாலும் செய்யாதீர்கள். புதிய பதிப்பின் பொதியை, பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையால் வலுக்கட்டாயமாக ஏற்றுவதும் அதே ஆபத்துத்தான். எல்எஸ், சிபி, சூடோ, உள்நுழையும் திரை எல்லாமே அந்தக் கோப்பில்தான் தொங்குகின்றன. அது பொருந்தாத கணத்திலிருந்து ஒரு கட்டளையும் ஓடாது, திருப்பி வைக்கவும் முடியாது. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, வட்டை ஏற்றி, பழைய கோப்பைத் திரும்ப வைப்பதுதான் மீட்கும் வழி. கடைக் கணக்கு உள்ள கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இனித் தீர்வு. எந்த நிரல் கத்துகிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் மாற்று தேடுங்கள்.

நோட் என்றால், நோட் திட்டத்தின் அதிகாரபூர்வமற்ற பில்ட் தளத்தில் ஜிலிப்சி 2.17க்காகவே தனியாகக் கட்டிய பதிப்புகள் கிடைக்கும். பெயரிலேயே ஜிலிப்சி-217 என்று இருக்கும். அதை இறக்கி வீட்டு அடைவுக்குள் விரித்துப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) சேர்த்தால் போதும். விஎஸ் கோட் என்றால் 1.85இல் நில்லுங்கள், அல்லது ஜீனி போன்ற இலேசான எடிட்டருக்கு மாறுங்கள். எடிட்டர் பழையது என்பதால் ஆப் பழையதாகிவிடாது.

அண்ட்ராய்ட் ஸ்டூடியோ என்றால், அது வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். ஸ்டூடியோ என்பது எடிட்டரும் திரையும்தான், ஆப்பைக் கட்டுவது கிரேடில். ஜாவா 17, கட்டளைவரிக் கருவிகள், திட்டத்தோடு வரும் கிரேடில்டபிள்யூ கோப்பு ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டூடியோ இல்லாமலே ஏபிகே (போனில் போடும் ஆப் கோப்பு) வெளியே வரும். டெமுரின் என்ற பெயரில் வரும் ஜாவா 17க்கு உபுண்டு 14.04இன் 2.19 தாராளமாகப் போதும். தார் கோப்பை இறக்கி விரித்தால் சரி, ரூட் அனுமதியும் வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு, ஜிலிப்சிப் பிரச்சினை இல்லாவிட்டாலும், நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

இதற்கும் சரிவராமல் ஏதோ ஒரு கருவி புதிய ஜிலிப்சியைத்தான் கேட்கிறது என்றால், பழைய வீட்டை இடிக்காமல் உள்ளே ஒரு புதிய அறை கட்டலாம். அதுதான் சிரூட். டெபூட்ஸ்ட்ராப் என்ற சிறிய கருவி ஓர் அடைவுக்குள் முழு டெபியன் 12ஐ இறக்கி வைக்கும். அந்த அடைவுக்குள் சிரூட் செய்து நுழைந்தால் உள்ளே ஜிலிப்சி 2.36, வெளியே உங்கள் பழைய உபுண்டு அப்படியே. கேர்னல் மட்டும் பழையது. ஜிலிப்சி 2.36 கேர்னல் 3.2இலிருந்து ஓடும் என்பதால் உபுண்டு 14.04இன் 3.13க்கும் 16.04இன் 4.4க்கும் பயமில்லை.

சிரூட்டில் மூன்று இடத்தில் இடறும். முதலாவது, பழைய உபுண்டுவின் டெபூட்ஸ்ட்ராப்புக்கு டெபியன் 12 என்ற பெயரே தெரியாது, அப்படி ஸ்கிரிப்ட் இல்லை என்று சொல்லும். டெபியன் களஞ்சியத்திலிருந்து புதிய டெபூட்ஸ்ட்ராப் பொதியை எடுத்துப் போடுங்கள். அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், ஜிலிப்சியைத் தொடாது. இரண்டாவது, கையொப்பச் சாவி பழையது என்று வரும். டெபியன் ஆர்கைவ் கீரிங் பொதியையும் புதிதாக எடுங்கள். மூன்றாவது, உள்ளே உபுண்டு 22.04ஐப் போட நினைப்பவர்களுக்கு: 21.10 முதல் உபுண்டு தன் பொதிகளை இசட்ஸ்டான்டர்ட் முறையில் சுருக்குகிறது, பழைய கணினியில் அதைத் திறக்க ஆளிருக்காது. டெபியன் எக்ஸ்இசட் முறையிலேயே இருப்பதால் சிக்கல் இல்லை. அதனால்தான் டெபியனைச் சொல்கிறேன்.

அப்புறம் புரோக், சிஸ், டெவ் என்ற அடைவுகள் மூன்றையும் உள்ளே பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது உள்ளேயும் தெரியும்படி இணையுங்கள். உங்கள் திட்ட அடைவையும் அப்படியே உள்ளே காட்டுங்கள். கோடு வெளியே எழுதலாம், பில்ட் உள்ளே ஓடும். டெபியன் 12இல் இயல்பான ஜாவாவே 17 என்பதால் தனியாகத் தேட வேண்டியதில்லை. எஸ்டிகேயும் (அண்ட்ராய்ட் கருவித் தொகுப்பு) கிரேடில் இறக்கிச் சேமிக்கும் கேஷும் சேர வட்டில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

டாக்கர் (நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஏற்கெனவே இருப்பவர்கள் அதையும் பாவிக்கலாம். ஆனால் டாக்கர் 20.10.10க்கு முந்தியது என்றால் ஜிலிப்சி 2.34உம் அதற்கு மேலும் உள்ள இமேஜ்கள் உள்ளே திரெட் தொடங்க முடியாமல் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று விழும். புதிய ஜிலிப்சி முதலில் குளோன்3 என்ற கேர்னல் அழைப்பை முயல்கிறது, பழைய டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி அதைத் தவறான பதிலோடு மறுக்கிறது. டெபியன் 11 இமேஜில் 2.31 என்பதால் அங்கே அது வராது.

அறிகுறி: "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.26 நாட் ஃபவுண்ட்"

பெயர் ஒரே மாதிரி இருக்கும், ஆள் வேறு. இது சி++ நூலகம். 3.4.26 ஜிசிசி 9.1உடன் வந்தது. ஜிலிப்சி போலன்றி இந்த ஒரு கோப்பை அந்த நிரலுக்கு மட்டும் தனி அடைவில் வைத்து எல்டி லைப்ரரி பாத் மாறியால் காட்டலாம். ஆனால் இரண்டு செய்தியும் சேர்ந்து வந்தால் சிரூட்தான்.

அறிகுறி: கோப்பு கண்முன்னே இருக்கிறது, "நோ சச் ஃபைல்" என்கிறது

எல்எஸ் அடித்தால் ஏஏபிடி (பில்ட் டூல்ஸில் உள்ள, ஆப்பின் படங்களையும் திரைகளையும் பொதியாக்கும் கருவி) கோப்பு தெரிகிறது, ஓட்டினால் இல்லை என்கிறது. காணாமல் போனது அந்தக் கோப்பு இல்லை, அதை ஏற்றிவைக்கும் 32 பிட் லோடர். பழைய பில்ட் டூல்ஸ் பதிப்புகள் 32 பிட். 64 பிட் உபுண்டுவில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, அதன் சி நூலகம், சி++ நூலகம், இசட்லிப் மூன்றையும் போட்டால் சரியாகும். பில்ட் டூல்ஸைப் புதுப்பித்தால் இதற்கே தேவையில்லை. மாறாக "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று வந்தால் நீங்கள் 32 பிட் இயங்குதளத்தில் 64 பிட் நிரலை ஓட்டுகிறீர்கள்.

அறிகுறி: கிளாஸ் ஃபைல் எண் பற்றிய முறைப்பாடு

ஜாவா உருவாக்கும் கிளாஸ் கோப்பில் அதன் பதிப்பைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கும்: ஜாவா 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65. இந்த நான்கு எண்ணையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

இதில் ஏறக்குறைய ஒரே சாயலில் இரண்டு செய்தி வரும், பொருள் நேர்மாறு. "மோர் ரீசன்ட் வெர்ஷன் ஆஃப் ஜாவா ரன்டைம்" என்றும், 61.0 வேண்டும், இந்த ரன்டைமுக்கு 55.0 வரைதான் தெரியும் என்றும் வந்தால் உங்கள் ஜாவா பழையது. ஜாவா 17 போடுங்கள். "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61" என்று கிரேடில் சொன்னால் ஜாவா சரி, கிரேடில்தான் பழையது. ஜாவா 17இல் ஓடத் தொடங்கிய முதல் கிரேடில் 7.3. இங்கே போய் ஜாவாவைக் கழற்றி மாட்டினால் பொழுதுதான் போகும். திட்டத்தின் ராப்பர் கோப்பில் (கிரேடில்-ராப்பர்.பிராப்பர்ட்டீஸ்) கிரேடில் எண்ணை உயர்த்துங்கள்.

இன்னொன்று, எஸ்டிகே மேனேஜரை ஓட்டும்போது "ஜாவாஎக்ஸ்/எக்ஸ்எம்எல்/பைண்ட்" என்ற பெயரோடு கிளாஸ் இல்லை என்று வருவது. அந்தப் பகுதி ஜாவா 11இல் நீக்கப்பட்டது. பழைய டூல்ஸ் அடைவில் உள்ள எஸ்டிகே மேனேஜரைத்தான் நீங்கள் இன்னும் அழைக்கிறீர்கள். அதை விட்டுவிட்டுப் புதிய கட்டளைவரிக் கருவிகளை இறக்குங்கள். இறக்கியதை எஸ்டிகே அடைவுக்குள் சிஎம்டிலைன்-டூல்ஸ், அதற்குள் லேட்டஸ்ட் என்ற அடைவுக்குள் வைக்க வேண்டும். அந்த லேட்டஸ்ட் அடைவு இல்லாவிட்டால் எஸ்டிகே ரூட் எது என்று தெரியவில்லை என நிற்கும்.

கணினியின் மற்ற வேலைக்கு ஜாவா 8 தேவை என்றால் அதைத் தொடாதீர்கள். வீட்டு அடைவின் கிரேடில் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் கிரேடிலுக்கு மட்டும் ஜாவா 17இன் இடத்தைக் காட்டலாம்.

அறிகுறி: ஏஏபிடி2 டீமன் தொடங்கவில்லை

டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல். இந்தச் செய்தி காரணத்தை மறைத்துவிடும். ஏஏபிடி2 இப்போது பில்ட் டூல்ஸிலிருந்து வருவதில்லை, கிரேடில் அதைக் கூகுளின் மேவன் களஞ்சியத்திலிருந்து தனியாக இறக்கித் தன் கேஷில் விரித்து வைக்கும். கேஷில் அந்தக் கோப்பைத் தேடிக் கையால் ஓட்டிப் பாருங்கள். உண்மையான பிழை அப்போதுதான் தெரியும். மேலே சொன்னவற்றில் ஒன்றாக இருக்கலாம், வட்டு நிரம்பியும் இருக்கலாம்.

அறிகுறி: சான்றிதழ் சரியில்லை, இணைப்பு மறுப்பு

முதலில் திகதி. பழைய மேசைக்கணினியின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். மார்கழி மழைக்குக் கரண்ட் விட்டு விட்டு வரும் நாளில் நேற்று ஓடிய பில்ட் இன்று சான்றிதழ் பிழையில் நிற்பது இதனால்தான். பட்டரியை மாற்றுங்கள். அதன் விலை ஒரு சிறிய ரீலோட்டுக்குள் அடங்கும்.

திகதி சரியென்றால், யார் முறையிடுகிறார்கள் என்று பாருங்கள். கிரேடில் "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்றால் அது ஜாவாவின் சொந்தச் சான்றிதழ்ப் பெட்டி. புதிய ஜாவா 17இல் புதிய பெட்டி வரும். டபிள்யூகெட், கிட், ஆப்ட் முறையிட்டால் அது கணினியின் பெட்டி. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் முன்பு சாய்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1உம் 1.0.2உம் அந்தப் பாதையிலேயே போய் முட்டும். சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் பொதியைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் ஈடிசி அடைவில் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து, டிஎஸ்டி வரியின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டு, சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

"501 ஹெச்டிடிபிஎஸ் ரிக்வயர்ட்" என்றால் திட்டக் கோப்பில் மேவன் சென்ட்ரலின் முகவரி ஹெச்டிடிபி என்றே இருக்கிறது. 2020 ஜனவரி 15 முதல் அது ஏற்கப்படுவதில்லை. ஜேசென்டர் என்ற பழைய களஞ்சியத்தின் வரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு மேவன் சென்ட்ரலையும் கூகுளையும் போடுங்கள்.

அறிகுறி: "சிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்"

கிரேடில் பாதி இறங்கும்போது டேட்டா முடிந்துவிட்டது, அல்லது கரண்ட் போய்விட்டது. வீட்டு அடைவில் புள்ளி கிரேடில், அதற்குள் ராப்பர், டிஸ்ட்ஸ் என்று போய் அந்த ஒரு பதிப்பின் அடைவை மட்டும் அழித்து மறுபடி ஓட்டுங்கள். முழுக் கேஷையும் அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், அத்தனையையும் மறுபடி இறக்கக் காசு போகும்.

ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஒருவர் இறக்கிய புள்ளி கிரேடில் அடைவையும் எஸ்டிகே அடைவையும் பென் டிரைவில் பகிர்ந்துகொள்ளலாம். கொப்பி பண்ணும் முன் கிரேடில் டீமனை நிறுத்துங்கள். பிறகு ஆஃப்லைன் தெரிவோடு ஓட்டினால் இணையமே கேட்காது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் முதலாவதாகச் சொல்வேன்.

அறிகுறி: "டீமன் டிஸப்பியர்ட் அன்எக்ஸ்பெக்டட்லி"

டிமெசெஜ் கட்டளையின் கடைசி வரிகளில் "அவுட் ஆஃப் மெமரி" இருக்கும். ராம் போதாமல் கேர்னலே கிரேடிலைக் கொன்றிருக்கிறது. ஜாவாவின் உச்ச நினைவகத்தை 1536 எம்பிக்குக் குறையுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் வேலையாட்களை ஒன்றாக்குங்கள். கோட்லின் கம்பைலரைத் தனி டீமனாக விடாமல் கிரேடிலுக்குள்ளேயே ஓடச் செய்யுங்கள். 4 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றும் வையுங்கள். மெதுவாகத்தான் முடியும், ஆனால் முடியும்.

அறிகுறி: போனை மாட்டினால் தெரியவில்லை

ஏடிபி என்பது கணினியிலிருந்து போனோடு பேசும் கருவி. ஏடிபி டிவைசஸ் கட்டளை என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அன்ஆதரைஸ்ட்" என்றால் போனின் திரையைப் பாருங்கள், அனுமதி கேட்டு நிற்கும். "நோ பெர்மிஷன்ஸ்" என்றால் யூடெவ் விதி (மாட்டிய சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் விதி) இல்லை. ஈடிசி அடைவின் யூடெவ் விதிகளுக்குள் 51-அண்ட்ராய்ட் என்ற கோப்பில் உங்கள் போன் கம்பனியின் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஷியோமிக்கு 2717, சாம்சங்குக்கு 04இ8, ஹுவாவேக்கு 12டி1, கூகுளுக்கு 18டி1. நடுவில் வருபவை ஆங்கிலச் சின்ன எழுத்துகள். உங்களைப் பிளக்டெவ் குழுவிலும் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். சூடோ போட்டு ஏடிபி ஓட்டுவது அன்றைக்கு வேலை செய்யும், ஆனால் சாவிக் கோப்புகள் ரூட்டின் பெயரில் போய்விடும்.

எதுவுமே வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் கடைகளில் ஏராளம்.

"சர்வர் வெர்ஷன் 32 டஸின்ட் மேட்ச் திஸ் கிளையன்ட் 41" என்று வந்து சர்வர் விழுந்து விழுந்து எழும்பினால், உங்களிடம் இரண்டு ஏடிபி இருக்கின்றன. ஒன்று உபுண்டு 16.04இன் பொதியாக வந்தது, மற்றது எஸ்டிகேயோடு வந்தது. உபுண்டுவின் பொதியை நீக்குங்கள். சிரூட் பாவிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: உள்ளேயும் வெளியேயும் வலையமைப்பு ஒன்றே, ஏடிபி சர்வர் 5037ஆம் போர்ட்டில் ஒன்றுதான் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பை வையுங்கள்.

அறிகுறி: எமுலேட்டர் கேவிஎம் கேட்கிறது

கேவிஎம் என்பது எமுலேட்டரை வேகமாக ஓட்ட உதவும் கேர்னல் வசதி. பயாஸில் விர்ச்சுவலைசேஷனைத் திறந்து, உங்களைக் கேவிஎம் குழுவில் சேர்த்தால் செய்தி போய்விடும். ஆனாலும் இந்த வயதுக் கணினியில் எமுலேட்டருக்காக மல்லுக்கட்டாதீர்கள். அண்ட்ராய்ட் 5.0க்கு மேற்பட்ட பழைய போன் ஒன்றைக் கேபிளில் மாட்டி, ஸ்க்ரசிபி என்ற கருவி மூலம் அதன் திரையைக் கணினியில் காட்டுங்கள். திரை உடைந்து ஒதுக்கிவைத்த போனாக இருந்தாலும், யுஎஸ்பி டீபக்கிங் திறந்து அனுமதியும் கொடுத்திருந்தால் போதும். எமுலேட்டர் தின்னும் ராம் முழுவதும் கிரேடிலுக்கு மிஞ்சும்.